முப்பது சதவீத மழை பிறந்த கதை

குதிரைமசாலை அறுத்துப் போட்டால் இரண்டு மூன்று நாளாவது நல்ல வெயில் பட வேண்டும். ஈரம் வற்றி, இலை உதிராத பதத்தில் அள்ளிக் கட்டினால்தான் அது தீவனம். நடுவில் ஒரு மழை பிடித்துக்கொண்டால் சத்து கரைந்து ஓடும், இலை கொட்டும், கட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்குப் பயந்து அறுக்காமல் விட்டால் பூ முற்றித் தண்டு கட்டையாகிவிடும், மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அறுத்தாலும் நட்டம் வரலாம், விட்டாலும் நட்டம் வரலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பேக்கோஸ் பள்ளத்தாக்கில், பாசனம் வைத்துக் குதிரைமசால் போட்ட விவசாயிகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த தலைவலி இது.

அந்தப் பள்ளத்தாக்கில் ராஸ்வெல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அரசு வானிலை அலுவலகத்தில் கிளீவ் ஹாலன்பெக் என்றொருவர் வேலை பார்த்தார். ஸ்பானியர்கள் அந்தப் பாலை வழியாக நடந்து போன பழைய பாதைகளைத் தேடித் தேடிப் பிற்பாடு புத்தகங்கள் எழுதியவர். நிலத்தைக் கால் நோக நடந்து பார்த்த ஆள். அது மழை குறைந்த சீமை. பெய்கிற கொஞ்சமும் பெரும்பாலும் கோடையில் இடிமழையாக வரும். இந்த வயலை நனைத்துவிட்டு அடுத்த வயலைத் தொடாமல் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ‘நாளை மழை’ என்று சொன்னாலும் ‘நாளை மழை இல்லை’ என்று சொன்னாலும் அறுப்பதா வேண்டாமா என்று நிற்கிற விவசாயிக்கு உதவாது. ஹாலன்பெக் மழையை நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சோதனையைப் பற்றி 1920-ல் அமெரிக்க வானிலைத் துறையின் மாத இதழில் கட்டுரை எழுதினார்.

இன்று கைப்பேசியில் மேகப் படத்துக்குக் கீழே 30% என்று நிற்கிறதே, அந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழியில் இந்தக் குதிரைமசால் வயல் வருகிறது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த எண் பிறந்தபோது அதைக் கேட்கப் போகிறவர் யார், எந்த வயலில் நிற்கிறார், எந்த வேலைக்காகக் கேட்கிறார் என்பதெல்லாம் சொல்பவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு எண் மட்டும் தனியாக ஊர் சுற்றப் புறப்பட்டது. கேட்கிறவர்கள் அவரவர் ஊரையும் பருவத்தையும் பயத்தையும் வைத்து மிச்சத்தை நிரப்பிக்கொண்டார்கள். மழைச் சதவீதத்தைப் பற்றி இன்றுவரை இருக்கிற குழப்பம் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வானிலையைச் சொல்வது என்ற வேலையே தந்திக் கம்பி வந்த பிறகு உண்டானது. புயலைவிட வேகமாகச் செய்தி போக வேண்டும், அப்போதுதான் முன்கூட்டிச் சொல்வதற்கு அர்த்தம். டார்வினை ஏற்றிக்கொண்டு போன பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861 ஆகஸ்ட் 1-ம் தேதி லண்டன் டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பைத் தொடங்கினார். தான் சொல்வது ஆரூடம் இல்லை என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியும் பத்திரிகைகள் விடவில்லை. தப்பிய நாட்களைச் சுட்டிக் கேலி செய்தன. கேலியோடு கடனும் உடல்நலக் குறைவும் சேர, 1865-ல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பொது முன்னறிவிப்பு நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கப் பல வருஷம் பிடித்தது. உறுதியாகச் சொல்லும்படி உலகம் நெருக்கியதும், உறுதி இல்லை என்று சொல்ல அவருக்கு மொழி கிடைக்காததும் அவர் வாழ்க்கையில் எனக்குத் தனித்துத் தெரிகின்றன.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவருக்கு அந்த மொழி பாதி கிடைத்தது. சின்சினாட்டி வானாய்வகத்தில் இருந்த கிளீவ்லேண்ட் ஆபி 1869-ல் தந்தி வழியாக வந்த தகவல்களைக் கொண்டு தினசரி அறிக்கை வெளியிட்டார். 1871-ல் அமெரிக்க அரசின் வானிலைப் பணிக்குப் போய் அறிவிப்புகளை எழுதத் தொடங்கினார். அவை பத்திரிகைகளில் ‘வாய்ப்புகள்’ என்ற தலைப்பில் வந்தன. ஜனங்கள் அவருக்கே ‘கிழட்டு வாய்ப்பு’ என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்; 1876-ல் மார்க் ட்வைன் ஒரு விருந்துப் பேச்சில் அந்தப் பெயரை வைத்துச் சிரிக்கவைத்தார். தலைப்பில்தான் வாய்ப்பு இருந்தது. எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு எங்கும் இல்லை.

கணக்கு ஏன் வேண்டும் என்பதை ஒரு சண்டை காட்டிக்கொடுத்தது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஜான் பார்க் ஃபின்லி என்பவர் டொர்னாடோ என்னும் சுழற்காற்றைப் பற்றியே மூச்சாக இருந்தவர். 1884 வசந்தகாலத்தில் நாட்டின் கிழக்குப் பகுதியைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டொர்னாடோ வருமா வராதா என்று அறிவித்தார். மொத்தம் 2,803 அறிவிப்புகள். பிறகு சரிபார்த்துவிட்டு, 96.6 சதவீதம் சரியாகச் சொன்னதாக எழுதினார். கேட்டவர்கள் மலைத்தார்கள்.

குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் மலைக்கவில்லை. எண்களைப் பிரித்துப் பார்த்தார். ஃபின்லி ‘வரும்’ என்று சொன்னது 100 தடவை. வந்தது 28 தடவை. மொத்தம் வந்த டொர்னாடோ 51. அவற்றில் 23 வந்தது ‘வராது’ என்று அவர் சொன்ன இடங்களில். மிச்சம் 2,680 தடவை ‘வராது’ என்றார், வரவில்லை. வானத்தைப் பார்க்காமல், தந்தியைப் படிக்காமல், 2,803 தடவையும் ‘வராது’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை சரியாக இருந்திருக்கும்? 98.2 சதவீதம். ஒன்றும் தெரியாதவன் நிபுணரைவிட அதிக மதிப்பெண் வாங்கிவிடுவான்.

இந்தக் கணக்கை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவரும் முதலில் ‘அப்படியானால் ஃபின்லி ஏமாற்றினாரா’ என்று கேட்கிறார்கள். ஏமாற்றவே இல்லை. அவர் ‘வரும்’ என்று சொன்ன இடங்களில் நூற்றுக்கு 28 வந்திருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டுகூட வராது. அவர் வாக்குக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. அது 96.6-ல் தெரியாது, 28-ல் தெரியும். சென்னையில் மார்ச் மாதம் முழுக்க ‘இன்று மழை இல்லை’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கலாம். அந்த ஊரில், அந்த மாதத்தில் வழக்கமாக எவ்வளவு பெய்யும் என்பதைப் பக்கத்தில் வைக்காமல் எந்த மழைக் கணக்கையும் எடைபோட முடியாது என்பதை ஃபின்லியின் பட்டியல் அப்போதே காட்டிவிட்டது.

அறிவிப்பவர் தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று துணிந்தவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். வில்லியம் எர்னஸ்ட் குக், மேற்கு ஆஸ்திரேலியாவின் அரசு வானியலாளர். பெர்த் நகரில் இருந்துகொண்டு வானிலையும் சொல்ல வேண்டிய பொறுப்பு. பெர்த்துக்கு மேற்கே இந்தியப் பெருங்கடல். குளிர்காலத்து மழை அந்தக் கடலிலிருந்துதான் வரும். கடலுக்குள் மானி வைத்துத் தந்தி அனுப்ப ஆள் கிடையாது. கோடையிலோ மழை என்ற பேச்சே அரிது. ஆக, சில நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சில நாள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் துலங்காது. இரண்டு நாளும் நாளிதழில் ஒரே மாதிரி வாக்கியமாக அச்சாவது அவரை உறுத்தியது. எது தனக்கு நிச்சயம், எது தனக்கே சந்தேகம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

அதற்கு அவர் செய்தது எளிமையான காரியம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண் போட்டார். ஐந்து என்றால் நம்பிப் படுக்கலாம். நான்கு என்றால் பத்தில் ஒரு தடவை தப்பலாம். மூன்று என்றால் பத்தில் நாலு தடவை தப்பலாம். இரண்டு, நடந்தாலும் நடக்கலாம் என்ற அளவு. ஒன்று, நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். வெறும் பெயரளவுக்கு எண் போட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. அறிவிப்புகளை எண்வாரியாகப் பிரித்து, ஐந்து போட்டவை உண்மையில் மூன்று போட்டவற்றைவிட அதிகம் பலித்தனவா என்று எண்ணிப் பார்த்தார். பலித்திருந்தன. 1906-ல் அமெரிக்க மாத இதழுக்கு எழுதி அனுப்பினார்.

அமெரிக்க வானிலைத் துறையின் மூத்த முன்னறிவிப்பாளர் காரியட், குக்கின் கட்டுரைக்கு அடியிலேயே ஒரு குறிப்பு எழுதினார். எங்கள் ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, சுருக்கமாகவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகவும்தான் கேட்கிறார்கள் என்பது அதன் சாரம். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்று நம் ஊரில் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். சம்பளம் வாங்கும் அதிகாரி அப்படிச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் காரியட்டின் பதில் எனக்கு ஒப்பவில்லை. சந்தேகத்தைச் சொன்னால் ஜனங்கள் குழம்புவார்கள் என்று மேலே இருப்பவர்கள் முடிவுகட்டிவிடுவது எல்லாத் துறையிலும் நடக்கிறது. ஜனங்களிடம் யாரும் கேட்பதில்லை. குக்குக்கும் ஹாலன்பெக்குக்கும் நடுவில் பதினான்கு வருஷம். ஹாலன்பெக்கிலிருந்து அமெரிக்கா முழுவதும் மழைச் சதவீதம் வருவதற்கு இன்னும் நாற்பத்தைந்து வருஷம்.

அந்த நாற்பத்தைந்து வருஷத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. சதவீதத்தை வைத்துக்கொண்டு கேட்பவர் என்ன செய்வார் என்பது ஒன்று. சொன்னவர் சரியாகத்தான் சொன்னாரா என்று எப்படிப் பார்ப்பது என்பது இன்னொன்று.

முதல் கேள்வியை 1922-லேயே தொட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம். ஒளி அலையின் நீளத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் தந்தவரின் பேரன். 1952-ல் அமெரிக்காவின் ஜே. சி. தாம்ஸன் அதைச் செம்மையாக எழுதினார். குதிரைமசால் வயலையே எடுத்துக்கொள்வோம். அறுப்பைத் தள்ளிப்போட்டால் தரம் குறைவதில் 200 டாலர் போகும். அறுத்த பிறகு மழை பிடித்தால் 1,000 டாலர் போகும் என்று வைத்துக்கொண்டால், 200-ஐ 1,000-ஆல் வகுத்தால் வருவது ஐந்தில் ஒரு பங்கு. மழை வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் இவர் அறுக்காமல் இருப்பது நல்லது. பக்கத்தில் ஒருவர் மண் சாலை போடுகிறார், அவருக்கு 60 சதவீதம் வரை பாதகமில்லை. ஒரே நாள், ஒரே வானம், ஒரே 30 சதவீதம். ஒருவர் அரிவாளைக் கீழே வைக்கிறார், மற்றவர் மண்வெட்டியை எடுக்கிறார். இரண்டு பேரும் சரி. ‘மழை வரும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இவர்களில் ஒருவருக்காக மற்றவரை அறிவிப்பாளரே பலிகொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு 1950-ல் கிளென் பிரையர் விடை கொடுத்தார். 70 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால், ஒன்றிலிருந்து 0.7-ஐக் கழித்தால் மிஞ்சும் 0.3-ஐ வர்க்கப்படுத்து: 0.09. பெய்யாவிட்டால் 0.7-ன் வர்க்கம்: 0.49. நாள்தோறும் இப்படிப் போட்டுச் சராசரி எடுத்தால் எவருக்குக் குறைவோ அவர் நல்லவர். இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், மனசுக்குள் 70 என்று பட்டதை 90 என்று ஊதிச் சொன்னாலும் 50 என்று பதுங்கிச் சொன்னாலும் நாளடைவில் மதிப்பெண் கெடும். உள்ளதை உள்ளபடி சொல்பவருக்குத்தான் லாபம். ஒரு தொழிலில் நேர்மைக்கு இப்படி ஒரு தராசு அமைவது அபூர்வம்.

1965-ல் அமெரிக்க வானிலைத் துறை நாடு முழுவதும் மழைச் சதவீதத்தை அறிவிக்கத் தொடங்கியது. அறிவிப்பாளர்கள் தினமும் சொன்னார்கள், தினமும் மறுநாளே விடை தெரிந்தது, தினமும் திருத்திக்கொண்டார்கள். ஆலன் மர்ஃபி, ராபர்ட் விங்க்ளர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-களில் இவர்களைச் சோதித்துப் பார்த்தபோது, 30 என்று சொன்ன நாட்களைத் திரட்டினால் ஏறக்குறைய நூற்றுக்கு 30 நாட்களில் மழை பெய்திருந்தது. மனிதர்கள் தங்கள் நிச்சயத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து சொல்வது வேறு பல தொழில்களில் காணக் கிடைக்கவில்லை.

சொன்னவர் பக்கம் தேறிவிட்டது. கேட்டவர் பக்கம் கதை வேறு.

அமெரிக்கத் துறையின் வரையறைப்படி, 30 சதவீதம் என்றால் அறிவிப்பு செல்லும் பகுதியில் நீங்கள் எந்த ஓர் இடத்தைச் சுட்டினாலும் அங்கே, குறிப்பிட்ட நேரத்துக்குள், ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்காவது மழை பெய்ய நூற்றுக்கு 30 வாய்ப்பு. ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு கால் மில்லிமீட்டர். சட்டைக்குப் புள்ளி வைக்கிற தூறல். (நம் இந்திய வானிலைத் துறை ஒரு நாளை மழைநாள் என்று எண்ண 2.5 மில்லிமீட்டர் வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம்.) இந்த எண்ணுக்குள் இரண்டு சங்கதிகள் பெருக்கப்பட்டிருக்கின்றன. பகுதியில் எங்காவது மழை உண்டா என்பதில் எவ்வளவு நிச்சயம். உண்டு என்றால் எவ்வளவு இடத்தை நனைக்கும். மழை நிச்சயம், ஆனால் 40 சதவீத இடத்தில்தான் பெய்யும் என்றாலும் 40 வரும். மழை மேகம் வந்தால் ஊரெல்லாம் நனையும், ஆனால் அது வருவதற்கு 40 சதவீதம்தான் வாய்ப்பு என்றாலும் 40 வரும். முதலாவது கோடை இடிமழை நாள். இரண்டாவது கரையை நெருங்குமா விலகுமா என்று தெரியாமல் கடலில் நிற்கிற தாழ்வு மண்டலம். இரண்டு வானமும் ஒரே எண்ணாகக் கைக்கு வருகின்றன.

1980-ல் மர்ஃபியும் விங்க்ளரும் மனவியலாளர்கள் இருவரோடு சேர்ந்து ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் ஆட்களைக் கேட்டுப் பார்த்தார்கள். ஜனங்களுக்குச் சதவீதக் கணக்கு புரியவில்லை என்பதுதான் அதுவரை பொது அபிப்பிராயம். ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. 30 என்பது எவ்வளவு என்று பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. எதில் 30 என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம். ஊரின் ஒரு பகுதியிலா, நாளின் ஒரு பகுதியிலா, எங்கோ ஓரிடத்திலா? அறிவிப்பு அதைச் சொல்லவே இல்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 2005-ல், கெர்ட் கிகரென்ஸரும் கூட்டாளிகளும் நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் ஆகிய ஐந்து நகரங்களில் வழிப்போக்கர்களை நிறுத்திக் கேட்டார்கள். நாளை மழைக்கு 30 சதவீதம் என்றால் என்ன? நாளைப் பொழுதில் 30 சதவீத நேரம் பெய்யுமா, 30 சதவீத இடத்தில் பெய்யுமா, நாளையைப் போன்ற நாட்களில் பத்துக்கு மூன்றில் பெய்யுமா? நாட்கள் என்ற சரியான விடையைப் பெரும்பான்மையோர் சொன்ன ஒரே நகரம் நியூயார்க். அங்கே நாற்பது வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த எண் அது. மற்ற நகரங்களில் நேரம் என்றும் இடம் என்றும் நினைத்தவர்களே அதிகம். பத்து நிபுணர்களில் மூன்று பேர் மழை வரும் என்கிறார்கள் போலிருக்கிறது என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு.

இவர்களைப் பாமரர் என்று தள்ளுவதற்கில்லை. ‘நாளையைப் போன்ற நாட்கள்’ என்பது மனசுக்கு எளிதில் பிடிபடாத சரக்கு. நேரத்தையும் இடத்தையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். பத்து நாளையை யாரும் பார்த்ததில்லை. அந்தி ஈசல் பூத்தால் அடைமழை என்பது நம் கிராமத்து வாக்கு. அதுவும் ‘இன்றைப் போன்ற நாட்கள்’ என்ற கணக்குத்தான். ஈசல் பறந்தும் மழை வராத அந்திகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. அவற்றையும் எண்ணிச் சேர்த்திருந்தால் நம் ஊரிலேயே சதவீதம் பிறந்திருக்கும்.

அடுத்தது பருவம். எண் இல்லாமல் வார்த்தையாகச் சொன்னால் என்ன ஆகிறது என்று 1986-ல் தாமஸ் வால்ஸ்டன் குழு ஆராய்ந்தது. ‘வாய்ப்பு உண்டு’, ‘பெரும்பாலும்’ போன்ற அதே சொல், அடிக்கடி நடக்கிற காரியத்துக்குச் சொன்னால் பெரிய எண்ணாகவும், அபூர்வமான காரியத்துக்குச் சொன்னால் சிறிய எண்ணாகவும் மனசில் விழுகிறது. 1990-ல் எல்க வெபரும் டெனிஸ் ஹில்டனும், நடக்கப்போவது எவ்வளவு ஆபத்தானது என்பதும் சேர்ந்து அந்த எண்ணை அசைக்கிறது என்று காட்டினார்கள். ஐப்பசியில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்றால் குடையைத் தேடுகிறோம். பங்குனியில் அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மொட்டை மாடியில் வற்றல் போடுகிறோம். வார்த்தையைப் பொறுத்தவரை இது புத்திசாலித்தனம்தான். சொன்னவர் விட்டதைப் பருவம் நிரப்புகிறது.

எண்ணுக்கும் அதே பழக்கத்தைக் காட்டும்போது கணக்கு இரட்டிப்பாகிவிடுகிறது. நன்றாகத் தயாரித்த 30 சதவீதத்துக்குள் பருவம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். பங்குனியில் 30 என்று வந்தால், வழக்கமாக ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத மாதத்தில் ஏதோ ஒன்று வானத்தில் கூடுகிறது என்று பொருள். அதைப் ‘பங்குனி மழையாவது’ என்று இன்னொரு தடவை குறைக்கக் கூடாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிற சென்னையில், ஐப்பசி நடுவில் 30 என்று வந்தால் அது பருவத்துக்குச் சற்று வறண்ட நாள். எண் ஒன்றாக இருந்தாலும் செய்தி நேர் எதிர். மனசோ ஐப்பசி எண்ணை ஏற்றியும் பங்குனி எண்ணை இறக்கியும் படிக்கிறது.

கதையாகச் சொல்லிவிட்டால் இன்னும் மோசம். ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு சாத்தியங்களைத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். வட அமெரிக்காவில் எங்காவது ஆயிரம் பேருக்கு மேல் மூழ்கிப் போகும் வெள்ளம் என்பது ஒன்று. கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்து, அதனால் வெள்ளம் வந்து, ஆயிரம் பேருக்கு மேல் மூழ்குவது இன்னொன்று. இரண்டாவது முதலாவதுக்குள் அடங்கியது. அதைவிட அதிகமாக இருக்கவே முடியாது. ஆனால் இரண்டாவதைப் பார்த்தவர்கள்தான் அதிக வாய்ப்புக் கொடுத்தார்கள். ஊரும் காரணமும் சேர்ந்தவுடன் காட்சி கண்முன் வந்துவிடுகிறது, காட்சி வந்ததும் நம்பிக்கை ஏறுகிறது. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற சென்னைக்காரருக்கு, அடுத்த டிசம்பரில் சொன்ன 40 சதவீதம் வெறும் 40-ஆகவா கேட்டிருக்கும்?

சொல்பவர்களும் இதைத் தெரிந்து வளைந்தார்கள். அமெரிக்காவின் தனியார் தொலைக்காட்சி வெதர் சேனல் 20 சதவீதம் என்று சொன்ன நாட்களில், உண்மையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து நாள்தான் மழை பெய்ததாக நேட் சில்வர் 2012-ல் எழுதினார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குடை எடுத்துப்போய் வெயில் அடித்தால் யாரும் திட்டுவதில்லை. குடை எடுக்காமல் நனைந்தால் திட்டுவார்கள். அதனால் சின்ன எண்களைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லிவிடுவது. இதை நான் ஏற்கவில்லை. குடையை எடுப்பதா வேண்டாமா என்பது கேட்பவர் தீர்மானிக்க வேண்டியது. அதை எண்ணுக்குள் ரகசியமாகக் கலந்து கொடுத்தால் ஐந்து சதவீதத்துக்கும் இருபது சதவீதத்துக்கும் வித்தியாசம் தேவைப்படுகிறவர், அதாவது அறுத்த தீவனத்தோடு நிற்பவர், ஏமாந்து போகிறார். பிரையரின் தராசு இதைத்தான் பிடித்துக் கொடுக்கும்.

எண்ணின் தயாரிப்பு இதற்கிடையில் மனிதர் கையை விட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டது. 1972-ல் கிளான், லௌரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினி மாதிரியின் விடைகளைப் பழைய மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சதவீதமாக மாற்றும் முறையை வெளியிட்டார்கள். 1992 முதல் ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்க வானிலை மையமும், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாதிரியைப் பல தடவை ஓடவிடுகின்றன. இன்றைய காற்றையும் ஈரத்தையும் நாம் அளப்பதில் சின்னப் பிசகு இருந்தே தீரும். அந்தப் பிசகு சில நாளில் எவ்வளவு பெரிதாகும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1963-ல் காட்டியிருந்தார். ஐரோப்பிய மையத்தில் 51 ஓட்டம் ஓடி, 17-ல் உங்கள் ஊரில் மழை விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு. குக் தன் மனசில் தேடிய சந்தேகத்தை இப்போது எண்ணியே எடுத்துவிடலாம்.

நம் பக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்று கேட்டுக்கேட்டுப் பழகியிருக்கிறோம். அது அலங்காரப் பேச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் அளவு இருக்கிறது. ‘ஓரிரு’ என்றால் அந்த வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. ‘ஒருசில’ என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. ஐரோப்பிய நகரவாசிகள் தப்பாகப் புரிந்துகொண்ட ‘இடக் கணக்கு’ நம் அறிவிப்பில் உண்மையிலேயே இடக் கணக்குத்தான். எத்தனை இடத்தில் என்பதை அது சொல்கிறது, எவ்வளவு நிச்சயம் என்பதை ‘பெய்யக்கூடும்’ என்ற சொல்லிடம் விட்டுவிடுகிறது. கைப்பேசி எண்ணோ இரண்டையும் பெருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. காலையில் செய்தியில் ஒன்றையும் மத்தியானம் கைப்பேசியில் மற்றதையும் பார்க்கிற தமிழ் வாசகர், இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த விடை என்று நினைத்தால் குற்றம் அவருடையதில்லை.

இதைத் திருத்த வழி இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஜோஸ்லின் குழு, 30 சதவீதம் மழை என்பதோடு 70 சதவீதம் மழை இல்லை என்பதையும் வெளிப்படையாகக் காட்டிப் பார்த்தது. நேரம், இடம் என்று தப்பாக எடுத்துக்கொண்டவர்கள் குறைந்தார்கள் என்று 2009-ல் எழுதினார்கள். பெய்யாமலே போகலாம் என்ற பாதியைக் கண்ணில் காட்டியது போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் அறிவிப்புகளில் ‘ஓரிரு இடங்களில்’ அப்படியே இருக்கட்டும். அதோடு எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எத்தனை மில்லிமீட்டருக்கு மேல், நூற்றுக்கு எத்தனை என்றும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கைப்பேசியின் மணிவாரிக் கட்டங்களே சாட்சி. மாலை நான்கிலிருந்து பத்து வரை ஆறு கட்டத்திலும் 30 என்று போட்டிருக்கிறது. அந்த மாலையில் நனையும் வாய்ப்பு எவ்வளவு? ஒரே மழை மேகம்தான் வருமா வராதா என்று நிற்கிறது, வந்தால் மாலை முழுக்கப் பெய்யும் என்றால் 30. ஒவ்வொரு மணியும் அடுத்ததோடு சம்பந்தமில்லாத தனித்தனி மழை என்றால் 88. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பது மாலை கல்யாண வரவேற்புக்குத் திறந்தவெளியில் பந்தல் போட்டிருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. ஆறு கட்டங்களைக் கூர்ந்து பார்ப்பதால் மட்டும் அதற்கு விடை வராது.